தினமும் ஆண்டவரோடு நெருக்கமாக இருப்பது எப்படி?

காலை ஜெபம் இரண்டு நாள் ஒழுங்காக நடக்கிறது, மூன்றாம் நாள் விட்டுப்போகிறது, அப்புறம் குற்ற உணர்வில் வேதத்தைத் தொடவே கூச்சமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தினமும் ஒரு மணி நேரம் ஜெபித்தே ஆக வேண்டும் என்ற கணக்கை விடுங்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் லாரன்ஸ் என்று ஒரு கார்மேல் சபைத் துறவி இருந்தார். போரில் காயப்பட்ட பழைய சிப்பாய், மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை, அதுவும் அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. ஆனால் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே கடவுளிடம் சின்னச் சின்னதாகப் பேசிக்கொண்டே இருந்தார், நினைவு சிதறினால் தன்னைத் திட்டிக்கொண்டு உட்காராமல் மறுபடி பேச ஆரம்பித்தார். எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு நாள் தவறியதால் யாரும் தூரம் போவதில்லை, தவறிய பின் முகம் கொடுக்க வெட்கப்பட்டுத்தான் போகிறோம்.

வேத வாசிப்பா? மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான், பஸ்ஸில் நின்றுகொண்டே வாசித்தாலும் சரி. பேச வார்த்தையே வராத நாளில் 13ஆம் சங்கீதத்தை அப்படியே ஜெபமாகச் சொல்லுங்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தாவீது நேராகவே கேட்கிறார், நீங்களும் கேட்கலாம்.