சிட்ரா ஹாப்ஸின் பழ மணம் பீரில் தங்க என்ன செய்யலாம்?

கேள்வி: 20 லிட்டர் பேல் ஏல் (வெளிர்நிற பீர் வகை) காய்ச்சுவதற்கு, 12 விழுக்காடு ஆல்ஃபா அமிலம் (கசப்புக்கு மூலமான பொருள்) கொண்ட சிட்ரா என்ற வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்கள்) 100 கிராம் வாங்கினேன். 60 கிராமைக் கொதி தொடங்கியதும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். மீதியைக் கடைசி 15 நிமிடத்தில் சேர்த்தேன். பழ மணம் சிறிதும் இல்லை, கசப்புதான் மிஞ்சியது. ஹாப்ஸ் பழையதாக இருக்குமோ?

பதில்: ஹாப்ஸைக் குறை சொல்ல இதில் இடமில்லை, அதைச் சேர்த்த நேரம்தான் காரணம். 2008-இல் அமெரிக்காவில் அறிமுகமான சிட்ராவை மணத்துக்காகவே பலரும் தேடி வாங்கினாலும், அதன் ஆல்ஃபா அமிலம் கசப்புக்கென்றே பயிரிடப்படும் வகைகளுக்கு இணையானது. ஒரு மணி நேரக் கொதியில் அந்த அமிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு உருமாறிக் கசப்பாகக் கரையும் என்று கொண்டால், உங்கள் முதல் 60 கிராம் மட்டுமே 80 ஐ.பி.யு.வுக்கு (பீரின் கசப்பை அளக்கும் அலகு) மேல் தந்திருக்கும். பேல் ஏலுக்கு 30 முதல் 40 வரை போதும். மணமோ மிர்சீன், லினலூல், ஜெரானியால் போன்ற எண்ணெய்ப் பொருள்களிலும், மிக நுண்ணிய அளவிலேயே வெப்பமண்டலப் பழ வாசனை தரும் தையால்கள் என்ற கந்தகச் சேர்மங்களிலும் இருக்கிறது. இவற்றில் எளிதில் ஆவியாகும் மிர்சீன் போன்றவை கொதிநீராவியோடு சில நிமிடங்களிலேயே வெளியேறிவிடும்.

அடுத்த முறையும் அதே 100 கிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். கொதியின் தொடக்கத்தில் 10 கிராம் போதும். அடுப்பை அணைத்து, வோர்ட்டை (நொதிக்கும் முன்னுள்ள இனிப்பான மால்ட் சாற்றை) 80 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்த பிறகு 30 கிராமைச் சேர்த்து, மெதுவாகச் சுழற்றி, 20 நிமிடம் மூடி வையுங்கள். அந்த வெப்பத்தில் ஆல்ஃபா அமிலம் மெதுவாகவே உருமாறும் என்பதால் கசப்பு சிறிதளவே கூடும். எண்ணெய்களோ பெரும்பாலும் வோர்ட்டிலேயே தங்கும். அவ்வாறு தங்கும் ஜெரானியாலின் ஒரு பகுதியை, நொதித்தலின்போது ஈஸ்ட் எலுமிச்சை மணமுள்ள சிட்ரோனெல்லாலாக மாற்றுகிறது. ஹாப்ஸும் ஈஸ்ட்டும் சேர்ந்து உண்டாக்கும் இந்த மணத்துக்காகவே இந்த 30 கிராமைக் கைவிடாதீர்கள் என்பேன்.

மீதி 60 கிராம், அதாவது லிட்டருக்கு 3 கிராம், நொதித்தல் ஏறக்குறைய முடிந்த நிலையில் நேரடியாக நொதிகலத்தில் போட வேண்டியது. மூன்று நாள் போதும். வாரக்கணக்கில் ஊறவிட்டால் பழ வாசனையைப் பச்சைப்புல் வாசனை மூடிவிடும். கலத்தைத் திறக்கும் நேரத்தை இயன்றவரை குறையுங்கள்; உள்ளே புகும் ஆக்சிஜனைப் போல இந்த மணத்தைக் கெடுப்பது வேறில்லை.

பலர் அறியாத ஓர் அபாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட் உண்ண முடியாமல் விட்ட மாவுச்சர்க்கரைகளை உடைத்து நொதித்தலை மீண்டும் தூண்டக்கூடும். அது முடியுமுன் புட்டியில் அடைத்தால் வாயு மிகுந்து புட்டி வெடிக்கலாம், வெண்ணெய் வாசனையும் எழலாம். ஆகவே ஹாப்ஸ் போட்ட பிறகு ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) காட்டும் அளவு தொடர்ந்து மூன்று நாள் மாறாமல் நிற்பதைக் கண்ட பின்னரே புட்டியில் அடையுங்கள்.

பிரித்த பொட்டலத்தில் மிச்சமிருந்தால், காற்றை வெளியேற்றி இறுக மூடி உறைபெட்டியில் வையுங்கள்.