லடாக்கின் மண் சுவர்கள்

அன்புள்ள ஐயா,

குடும்பத்தோடு லடாக் போய்வந்தோம். பாங்கோங் ஏரியும் மலைகளும் அற்புதம். மடாலயங்கள்தான் ஏமாற்றம். மண் சுவர், இருட்டு அறை, வெண்ணெய் விளக்கு வாசம். எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. இயற்கையைப் பார்க்கப் போகிறவர்கள் இதையெல்லாம் பார்த்தே ஆக வேண்டுமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

கட்டாயம் ஒன்றுமில்லை. ஒரே நாளில் நாலு மடாலயம் என்று ஓடினால் யாருக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் அங்கே இயற்கை வேறு, மடாலயம் வேறு என்று பிரிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் ஆண்டுக்கு மழையும் பனியும் சேர்ந்தே 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் விழும். வழியில் பாப்ளர் மரங்களும் பார்லி வயல்களும் ஒரு கோட்டோடு சட்டென்று நின்று, அதற்கு மேலே வெறும் கல்லாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கோடுதான் வாய்க்கால். பனி உருகிய நீரை மலையிலிருந்து இறக்கி, முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள். முறையைப் பார்த்துக்கொள்ள ஊரில் 'சுர்போன்' என்று ஒருவர் உண்டு. நம் ஏரிப்பாசன ஊர்களில் வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்கு அந்த வேலை உடனே புரிந்துவிடும். ஆக, நீங்கள் இயற்கை என்று ரசித்த பச்சையில் பாதி மனிதர்கள் செய்தது.

கட்டடங்களும் அங்கிருந்தே வந்தவை. உத்தரத்துக்கு வாய்க்காலோரத்துப் பாப்ளர், அதன்மேல் வில்லோ குச்சிகள், புல், களிமண். சுவர் சுடாத மண்கல். மழை இல்லாததால்தான் இதெல்லாம் நூற்றாண்டுக்கணக்கில் நிற்கிறது.

சிந்து நதிக்கரை ஆல்ச்சியில் மூன்றடுக்குக் கோயில் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 800 ஆண்டுப் பழையது. உள்ளே மாடங்களில் மூன்று பெரிய களிமண் சிலைகள், புத்தராகும் வழியில் இருப்பவர்களாகப் பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவர்கள். தலைகள் மேல்தளத்துக்குள் போய்விடும், நாம் கீழே நின்று வேட்டியைத்தான் பார்க்க முடியும். பார்க்கவேண்டியதும் அதைத்தான். அவலோகிதேஸ்வரரின் வேட்டி முழுக்கக் கோயில்களும் அரண்மனைகளும். மைத்ரேயரின் வேட்டியில் புத்தர் வரலாறு. மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் 84 பௌத்த சித்தர்கள். காஷ்மீர ஓவியர்களின் கைவண்ணம் என்கிறார்கள். அதே பாணியில் அந்தக் காலத்துச் சுவரோவியங்கள் காஷ்மீரிலேயே மிஞ்சவில்லை. காய்ந்த காற்றும் மண் சுவரும் இங்கே காப்பாற்றி வைத்திருக்கின்றன.

இப்போது அந்தக் காற்றுதான் மாறுகிறது. 2010 ஆகஸ்ட்டில் லேயில் மேகவெடிப்பு, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண் வீடுகள் அப்படியே கரைந்து போயின. ஒழுகுகிறது என்று கூரைமேல் தகரம் போடுகிறார்கள். பார்க்க அசிங்கம்தான், ஆனால் நனைகிறவர்களிடம் அழகைப் பேச நமக்கு உரிமையில்லை.

அடுத்த முறை போனால் ஆல்ச்சிக்கு அரைநாள் ஒதுக்குங்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அதுவும் நல்லதுதான். மற்ற மூன்று மடாலயங்களையும் தாராளமாக விட்டுவிடலாம்.