மருந்து அடிக்கும் வீட்டில் ஒரு கர்ப்பிணி

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறோம். மாமியார் இருபது வருடமாக மருந்து அடிக்கிறார். அளவாகத்தான் சாப்பிடுகிறார், எடை மட்டும் ஏறுகிறது. மருந்து நஞ்சுதான் காரணமென்று, அதை இறக்க ஒரு பானத்தை 180 ரிங்கிட்டுக்கு விற்க வந்தார்கள். எனக்கு நான்காவது மாதம். வயிற்றுப் பிள்ளைக்கும் பாதிப்பு வருமா?

பதில்: அந்தப் பானம் வேண்டாம் அம்மா. கொழுப்பில் தங்கிய இரசாயனத்தை ஒரு பானத்தைக் குடித்து இறக்க முடியாது. அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. சில இரசாயனங்கள் ஹார்மோன் போல நடித்து, கொழுப்பு செல்களைக் கூட்டுகின்றன. கப்பல் சாயத்தில் கலந்த ட்ரைபியூட்டைல்டின்னை சினை எலிகளுக்குக் கொடுத்தபோது, பிறந்த குட்டிகளுக்குக் கொழுப்பு கூடியது. 2006இல் வெளிவந்த ஆய்வு அது. மனிதரிலும் தடயம் உண்டு. கலிபோர்னியாவில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி அதிகம் பட்ட பெண்களின் பேத்திகளிடம் உடல் பருமன் கூடுதலாகத் தெரிந்தது. ஆக, கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும்தான் அதிகக் கவனம் வேண்டும்.

மாமியார் விஷயம் வேறு. மருந்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுச் சர்க்கரை நோயைத் தவறவிடக் கூடாது. அரசு கிளினிக்கில் இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இனிப்பான டின் பால் ஊற்றிய தேத்தண்ணி ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்றும் கேளுங்கள். சோற்றைக் குறைத்தவர்கள் பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது மருந்துச் சட்டை. அவர் வாசலிலேயே கழற்றி, குளித்த பிறகு உள்ளே வரட்டும். அந்தத் துணியை நீங்கள் தொட வேண்டாம். கையுறை போட்டு வேறு யாராவது தனி வாளியில் துவைக்கட்டும். காலி மருந்துக் கேலனைக் கழுவித் தண்ணீர் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்துக் கேலன்தான். கையுறையும் முகமூடியும் நிர்வாகம் கொடுக்க வேண்டியவை. அதைக் கேட்டு வாங்குவது அவருடைய உரிமை.

பிளாஸ்டிக் பையில் கட்டி, ரஃபியா கயிறு போட்டுத் தரும் சூடான தேத்தண்ணியை விட்டுவிடுங்கள். சூடு பட்டால் பிளாஸ்டிக்கிலுள்ள இரசாயனம் அதிகமாக இறங்கும். கடைக்குச் சில்வர் தூக்கு கொண்டுபோனால் ஊற்றித் தருவார்கள். பிள்ளை பிறந்ததும் யாராவது பழைய பால்புட்டி கொடுத்தால் வாங்காதீர்கள். பிபிஏ என்ற பிளாஸ்டிக் இரசாயனம் கலந்த பால்புட்டிகளுக்கு மலேசியாவில் 2012 மார்ச்சில்தான் தடை வந்தது. அதற்கு முந்தியவை இன்னும் சில வீட்டு அலமாரிகளில் கிடக்கலாம்.