இந்த எஸ்எம்எஸ் நிஜமா, போலியா? – கேள்வி பதில்

கேள்வி: நான் எதுவுமே செய்யவில்லை. திடீரென்று ஆறு இலக்க ஓடிபி வந்திருக்கிறது. கணக்கு போய்விட்டதா?

பதில்: இன்னும் போகவில்லை. மெசேஜ் பெரும்பாலும் நிஜம்தான். அதை வரவழைத்தது வேறு யாரோ. "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்பதை அழுத்தினால் வரும் ஓடிபி என்றால் கவலை குறைவு, அதற்கு உங்கள் எண் தெரிந்தாலே போதும். பாஸ்வேர்டைச் சரியாகப் போட்ட பிறகுதான் ஓடிபி அனுப்பும் கணக்கு என்றால், பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு உடனே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டு வைத்திருக்கும் மற்ற இடங்களிலும்தான். ஆப்பை நீங்களே திறந்து மாற்றுங்கள், மெசேஜில் உள்ள லிங்க் வழியாகப் போகாதீர்கள்.

சிறிது நேரத்தில் "தப்பாக உங்கள் எண்ணுக்கு வந்துவிட்டது, அந்த நம்பரைச் சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால், திருடன் அவன்தான். வாட்ஸ்அப் கணக்குகள் பல இப்படித்தான் பறிபோகின்றன. கேட்பது நண்பரின் எண்ணாகவே இருக்கும், அவர் கணக்கு முதலில் போயிருக்கும்.

கேள்வி: எழுத்துப்பிழை இருந்தால் போலி, சரிதானே சார்?

பதில்: பிழை இல்லாத போலிகள்தான் இப்போது அதிகம். மெசேஜ் உங்களிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். நிஜ ஓடிபி மெசேஜ் எண்ணைத் தரும், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லும், அவ்வளவுதான்.

கேள்வி: என் வங்கியின் பழைய மெசேஜ்களுக்குக் கீழேயே, அதே வரிசையில் வந்திருக்கிறது. அப்படியானால் நிஜம்தானே?

பதில்: இல்லை. அனுப்புநர் பெயர் என்பது அதிகபட்சம் 11 எழுத்துள்ள ஒரு சொல். அது ஒத்துப்போனால் போன் ஒரே வரிசையில் அடுக்கிவிடும். யார் அனுப்பியது என்று போன் சரிபார்ப்பதில்லை.

கேள்வி (அதே நண்பர்): நம்ப முடியவில்லை. பெயரைப் பதிவு செய்தவர்கள்தான் அனுப்ப முடியும் என்று பல நாடுகளில் விதியே இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, நல்ல விதி. ஆனால் மொபைல் கம்பெனி வழியாகப் போகும் மெசேஜைத்தான் அது தடுக்கும். காரில் வைத்துக் கொண்டுபோகும் போலி டவர், பக்கத்தில் உள்ள போன்களை 2ஜிக்கு இறக்கி நேராக மெசேஜைத் தள்ளும். 2ஜியில் போன்தான் தன்னை நிரூபிக்க வேண்டும். டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் சிம் அமைப்புக்குள் 2ஜியை அணைக்கும் வசதி உண்டு.

இன்னொருவர்: அப்படியானால் எஸ்எம்எஸ் ஓடிபியையே நிறுத்திவிடலாமே?

பதில்: மாற்று வைக்காமல் நிறுத்தாதீர்கள், ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆதென்டிகேட்டர் ஆப் பெரும்பாலும் 30 நொடிக்கு ஒரு எண்ணைப் போனுக்குள்ளேயே உருவாக்கும். சிம்மைத் திருடினாலும் அது கிடைக்காது.

முதல் நண்பர்: போலித் தளத்தில் அந்த எண்ணை அடித்தால்? எஸ்எம்எஸ்ஸுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: இந்தக் கேள்வி சரியான கேள்வி. அந்த இடத்தில் வித்தியாசம் இல்லை. நீங்கள் அடித்ததை அந்த நொடியே நிஜத் தளத்தில் போட்டு உள்ளே போய்விடுவார்கள். அங்கே கைகொடுப்பது பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனின் கைரேகை அல்லது பூட்டைத் திறந்து உள்ளே நுழையும் முறை. அது தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. முகவரி மாறினால் இயங்கவே இயங்காது. உங்கள் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

கேள்வி: லிங்க்கில் வங்கியின் பெயர் தெளிவாக இருக்கிறதே?

பதில்: இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைப் பிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். "வங்கி.காம்.லாகின்-செக்.நெட்" என்றால் உரிமையாளர் லாகின்-செக்.நெட். முன்னால் உள்ளது வெறும் அலங்காரம். எப்படியும் லிங்க் வழியாகப் போகாதீர்கள்.

கேள்வி: "24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்" என்று வந்தது. நிஜமா?

பதில்: போலி.

கேள்வி: எனக்கு "இன்று இரவுக்குள்" என்று வந்திருக்கிறது. இது?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள். இனி மெசேஜ் படங்களை அனுப்பி நிஜமா என்று கேட்காதீர்கள், ஆப்பைத் திறந்தால் அதிலேயே தெரியும்.

கேள்வி: லிங்க்கைத் தொட்டுவிட்டேன். எதுவும் அடிக்கவில்லை.

பதில்: பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஏதாவது ஆப்பை நிறுவியிருந்தால் கதை வேறு: எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி வாங்கியிருந்தால் உங்கள் ஓடிபி எல்லாம் அவர்களுக்கும் போகும். நெட்டைத் துண்டித்து, அந்த ஆப்பை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கார்டின் பின்பக்கத்தில் உள்ள எண்ணில் வங்கியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: காலையிலிருந்து என் போனில் மட்டும் சிக்னல் இல்லை. இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிவிட்டால் இப்படித்தான் ஆகும், ஓடிபி அங்கே போகும். வேறு போனிலிருந்து மொபைல் கம்பெனியைக் கூப்பிட்டு சிம் மாற்றம் நடந்ததா என்று கேளுங்கள். நடந்திருந்தால் அடுத்த அழைப்பு வங்கிக்கு. மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும், நீங்கள் முதலில் போய்ப் பாருங்கள்.