உருளைக்கிழங்கு ஏன் பச்சையாகிறது? கணிகங்கள் பற்றிய கேள்வி பதில்

தாவரச் செல்லுக்குள் இருக்கும் சின்ன உறுப்புகளான கணிகங்களில் பசுங்கணிகம், வண்ணக்கணிகம், வெளிர்கணிகம் என்று மூன்று வகை படித்தோம் சார். இவ்வளவுதானா?

தேர்வுக்கு இது போதும். பச்சையம் இருப்பது பசுங்கணிகம். ஒளிச்சேர்க்கை அதன் வேலை. கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகள் நிரம்பியது வண்ணக்கணிகம். நிறமில்லாதது வெளிர்கணிகம், அது மாவுச்சத்தைச் சேர்த்து வைத்தால் அமைலோபிளாஸ்ட், எண்ணெயைச் சேர்த்தால் எலையோபிளாஸ்ட்.

ஆனால் பெட்டி பெட்டியாகப் பிரித்து மனப்பாடம் செய்வதில்தான் விஷயம் கெட்டுப்போகிறது. வளர்நுனிச் செல்களில் புரோபிளாஸ்டிட் என்ற நிறமற்ற சின்ன உருண்டைகள் இருக்கும். எல்லாக் கணிகங்களும் அங்கிருந்து வருபவைதான். எந்தத் திசுவில் இருக்கிறது, வெளிச்சம் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் உருமாறும். சூழ்நிலை மாறினால் மறுபடியும் மாறும்.

வெளியே கிடந்த உருளைக்கிழங்கு பச்சையாகிவிட்டது. சாப்பிடலாமா?

நான் சொன்ன உருமாற்றம் இதுதான். தோலுக்கு அடியில் இருந்த அமைலோபிளாஸ்ட்டுகள் வெளிச்சம் பட்டதும் பசுங்கணிகமாகிவிட்டன. பச்சையத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சம் சோலனின் என்ற நச்சுப்பொருளையும் கூட்டிவிடும். வேகவைத்தாலும் அது பெரிதாகக் குறையாது. லேசான பச்சை என்றால் தோலோடு சேர்த்துத் தடிமனாகச் சீவி எறியுங்கள். நிறையப் பச்சையாக இருந்தாலோ கசந்தாலோ கிழங்கையே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பள்ளி நுண்ணோக்கியில் இதையெல்லாம் பார்க்க முடியுமா?

தாராளமாக. வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் பிளேடால் லேசாகச் சுரண்டி, வரும் பாலை ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து பாருங்கள். சிப்பி ஓடு மாதிரி வரிவரியாக மாவுமணிகள் தெரியும். வரிகளின் மையம் நடுவில் இருக்காது, ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கும். கண்ணாடி வில்லையின் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டால், அது பரவப் பரவ மணிகள் ஒவ்வொன்றாகக் கருநீலமாகும். கண்ணுக்குத் தெரிவது மாவுமணி மட்டுமே. அதைச் சுற்றியுள்ள அமைலோபிளாஸ்ட்டின் சவ்வு அவ்வளவு மெல்லியது.

அப்புறம் பாதி பழுத்த தக்காளியின் சதையைக் கொஞ்சம் நசுக்கி வைத்துப் பாருங்கள். பச்சை மணிகளும் ஆரஞ்சு மணிகளும் கலந்து கிடக்கும். நன்றாகப் பழுத்ததில் ஊசி ஊசியாகச் சிவப்புப் படிகங்கள் இருக்கும். அதுதான் லைக்கோபீன் என்ற கரோட்டினாய்டு. என் மாணவர்கள் முதலில் பார்த்தபோது அழுக்கு என்றே நினைத்தார்கள்.

அப்படியானால் பீட்ரூட்டின் சிவப்பும் வண்ணக்கணிகம்தானே?

இல்லை. வருடா வருடம் வரும் தவறு இது. பீட்ரூட்டின் பீட்டாலெயினும் கத்தரிக்காய்த் தோலின் ஆந்தோசயனினும் செல்லின் நுண்குமிழில் (வாக்குவோல்), அதாவது நீர் நிறைந்த பையில், கரைந்திருக்கும் நிறமிகள். கணிகத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பீட்ரூட்டை வேகவைத்தால் தண்ணீர் சிவந்துவிடும். கேரட்டை வேகவைத்தால் அப்படி ஆகாது, ஆனால் எண்ணெயில் வதக்கினால் எண்ணெய் மஞ்சளாகும். கரோட்டினாய்டுகள் எண்ணெயில் கரைபவை.

ஒளிச்சேர்க்கையும் சேமிப்பும் தவிர வேறு வேலை உண்டா?

நிறைய உண்டு. தாவரத்துக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் கணிகத்தில்தான் உருவாகின்றன; பல அமினோ அமிலங்களும் அப்படியே. அதனால்தான் வெளிச்சமே காணாத வேரிலும் கணிகங்கள் இருக்கின்றன. வேர்மூடியில் கனமான அமைலோபிளாஸ்ட்டுகள் செல்லின் அடியில் போய்ப் படியும். கீழ்ப்பக்கம் எது என்று வேருக்குத் தெரிவது அப்படித்தான்.

கணிகத்துக்குச் சொந்தமாக டி.என்.ஏ. இருக்கிறதாமே, செல்லுக்கு வெளியே தனியாகப் பிழைக்குமா?

பிழைக்காது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட சயனோபாக்டீரியா என்ற ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவின் வழித்தோன்றல்கள்தான் இவை. சொந்த டி.என்.ஏ. அந்தப் பழைய வாழ்க்கையின் மிச்சம். 1986இல் புகையிலையின் பசுங்கணிக டி.என்.ஏ.வை முழுதாகப் படித்தார்கள். சுமார் 1,56,000 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்), நூற்றுச் சொச்சம் மரபணுக்கள், அவ்வளவுதான். தேவையான புரதங்களோ ஆயிரக்கணக்கில். மற்ற மரபணுக்கள் உட்கருவுக்குக் குடிபோய்விட்டன.

மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சம் டி.என்.ஏ.வும் சும்மா இல்லை. 1909இல் ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் காரன்ஸ், பச்சையும் வெள்ளையும் கலந்த இலைகள் கொண்ட அந்திமந்தாரையை ஆராய்ந்தார். வெள்ளைக் கிளைப் பூவில் எந்தச் செடியின் மகரந்தத்தைத் தூவினாலும் வெள்ளை நாற்றுகளே முளைத்தன. கணிகம் அங்கே தாய்வழியாக மட்டுமே வருகிறது. பச்சையமில்லாத அந்த நாற்றுகள் விதையில் இருந்த உணவு தீர்ந்ததும் செத்துப்போயின.