பையர் மெயிலில் இரண்டு ‘கேதர்’

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக (பையரோடு, அதாவது ஆர்டர் கொடுப்பவரோடு, பேசி வேலையை முடித்துக் கொடுப்பவர்) புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்கிறார்: “பையர் மெயிலில் ‘வீ கேதர் தட் த வெய்ஸ்ட் கேதர்ஸ் ஆர் அன்ஈவன்’ என்று இருக்கிறது. கேதர் என்றால் ஒன்றுகூடுவதுதானே? மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறாரா?”

கூப்பிடவில்லைங்க. ஒரே வரியில் அந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது.

பின்னால் வருவதை முதலில் பார்ப்போம். கம்பெனிக்குச் செலவு வைப்பது அதுதான். அம்முச்சி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய்த்துணி முழுக்கச் சின்னச் சின்ன மடிப்பாக நெருங்கி நிற்கும். தையலில் கேதர் என்பது அந்தச் சுருக்குதான். அளந்து மடிக்கும் சேலைக் கொசுவம் வேறு, அது ப்ளீட். இரண்டையும் குழப்பிக்கொண்டால் சாம்பிளே தப்பாகிவிடும்.

குழந்தை ஃப்ராக்கில் மேல்பாகத்தின் இடுப்புச் சுற்று 22 அங்குலம், சுருக்கு ஒன்றுக்கு ஒன்றரை என்றால், கீழே பாவாடைத் துணி 33 அங்குலம் வேண்டும் (தையலுக்கு விடுவது தனி). மிச்சமுள்ள அந்த 11 அங்குலம் சுற்றிலும் சமமாகப் பரவாமல் ஒரு பக்கம் குவிந்ததைத்தான் பையர் ‘அன்ஈவன்’ என்கிறார். இரண்டு துண்டையும் நான்காகப் பிரித்து நாட்ச் (ஓரத்தில் அடையாளத்துக்குச் சின்ன வெட்டு) போட்டு, நாட்சோடு நாட்ச் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். ஓவர்லாக்கில் டிஃபரன்ஷியல் ஃபீட் வைத்துச் சுருக்குகிறீர்களா? அதில் துணியை நகர்த்தும் இரண்டு பல்லில் முன்பல் பின்பல்லைவிட அதிகமாகத் துணியைத் தள்ளுவதால்தான் சுருக்கு விழுகிறது. லைனில் எல்லா மெஷினிலும் அந்த செட்டிங் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, அந்த ‘வீ கேதர்’? அங்கே இங்கே கேட்டதையும் படித்ததையும் கூட்டிப் பார்த்து இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைப்பது. ‘எங்களுக்குத் தெரியவருவது என்னவென்றால்’ என்று வைத்துக்கொள்ளலாம். நேரில் பார்த்தேன் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை, நீங்கள் விளக்கம் சொல்ல இடம் விட்டிருக்கிறார். உடனே மன்னிப்பு மெயில் தட்டாமல், நாலு பீஸை மேசையில் போட்டு அளந்து, போட்டோவோடு பதில் போடுங்கள்.

மற்றபடி, சத்தியமங்கலத்தில் மல்லி பறிப்பதற்கும் கேதர்தான், பஸ் வேகமெடுப்பதற்கும் கேதர்தான், மூலையில் கிடக்கும் பழைய மெஷினில் தூசி படிவதற்கும் அதேதான். ‘டுகெதர்’ கூட இதன் பங்காளிதான்.

பையருக்கு உங்களோடு பேச வேண்டுமென்றால் ‘கால்’ அல்லது ‘மீட்டிங்’ என்றுதான் எழுதுவார். ஆபீஸ் மெயிலில் ‘கேதரிங்’ என்று வந்தால், பெரும்பாலும் விருந்து.