கேஸ் கணப்பின் புகைபோக்கியைச் சுற்றி விரிசல்: பட்டி பார்க்கும் முன்

பழைய வீட்டில் கேஸ் கணப்பின் புகைபோக்கியைச் சுற்றி, எத்தனை முறை பட்டி பார்த்தாலும் விரிசல் திரும்ப வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்று: விரிசலோரம் பழுப்புக் கறையோ கரியோ தெரிந்தால் கணப்பை உடனே அணைத்துவிடுங்கள். புகை அறைக்குள் கசிவதன் அடையாளமாக அது இருக்கலாம்; புகையில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. கறை இல்லாவிட்டாலும், தகுதி பெற்ற கேஸ் பொறியாளர் புகை சரியாக வெளியேறுகிறதா என்று சோதித்த பிறகுதான் பூச்சு வேலை.

அப்புறம், ஜிப்சம் பூச்சு 50 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடுபட்டால், உள்ளே பிணைந்திருக்கும் நீரை மெல்ல இழந்து உதிரும். ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மாவு போலக் கொட்டினால் விரிசலுக்குக் காரணம் அநேகமாக அதுதான். செங்கல் தெரியும்வரை செதுக்கிவிட்டு வெப்பம் தாங்கும் பூச்சு பூசச் சொல்லுங்கள். உலோகக் குழாயை ஒட்டிப் பூசவே வேண்டாம். குழாய் சூட்டில் விரியும், அதற்கு இடைவெளி வேண்டும்.